கொம்புக்கு எட்டிய மணி

(நாகூரில் நம் சங்கத்தின் திங்கட் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



‘மனித உரிமையும் எளியோர்க்கு நீதியும்’ என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு நம் செயலாளர் என்னைப் பணித்தனர். வக்கீல் ஒருவர் பேசத்தகும் பொருளைத் தமிழ் கற்பிக்கும் என்பால் ஒப்புவித்தது எற்றுக்கு என வினவினேன். “வக்கீல் பேசினால் சட்டத்தின் எண்ணைச் சொல்வார், நீர் பேசினால் கதையாவது கேட்கலாம்” என்றனர். அவர் கூறியது மெய்யே. ஆயினும் சட்டத்தின் எண்களையும் சிறிது சொல்லாமல் விடேன். முதற்கண் கதை.

நமக்கு மேற்கே அண்மையிலுள்ள திருவாரூரை அறியாதார் இவ்வவையில் இரார். கோயிலுக்கு அருகே நிற்கும் கல்தேரையும் கண்டிருப்பீர்கள். மனுநீதிச் சோழன் மகன் ஊர்ந்த தேர்க்காலில் கன்று ஒன்று அகப்பட்டு மாண்டது. தாய்ப்பசு அரண்மனை வாயிலை அடைந்து ஆராய்ச்சி மணியை அசைத்தது. மன்னன் உண்மை உணர்ந்து, தன் ஒரே மகனைத் தன் தேர்க்காலிலேயே இட்டான். இக்கதையைப் பிள்ளைகட்குச் சொல்லும்போதெல்லாம் அவர்கள் மன்னனின் நெஞ்சுரத்தையே வியக்கின்றனர். யானோ ஆண்டுகள் பல இக்கதையைப் பாடமாகக் கூறிக் கூறி, வேறொன்றை வியக்கத் தொடங்கிவிட்டேன். பசு மணியைத் தன் கொம்பினால் அசைத்தது என்பது சேக்கிழார் பெரியபுராணத்திற் கூறும் செய்தி. அஃதாவது, பசுவின் கொம்புக்கு எட்டும் உயரத்தில் அம்மணி தொங்கிற்று. அதனைத் தொங்கவிட்டவன் எவனாயினும் அவனே என் மதிப்பிற் பெரியவன். மணியைக் கோபுர உச்சியிற் கட்டி, ‘எங்கள் நாட்டில் ஆராய்ச்சி மணி உண்டு’ என்று பறையறைந்திருந்தாலும் சோழன் புகழ் குறைந்திராது. பசுவின் வழக்கு மட்டும் கேட்கப்பட்டிராது.

அன்றியும், அப்பசு எவருடையது, எவர் கொட்டிலிற் கட்டப்படுவது, எத்தெருவினின்று வருவது என வாயில்காப்போர் வினவிற்றிலர். ‘நாளை வா’ என்று கூறிற்றிலர். பிறப்புக்கேற்பத் தண்டனையைக் கூட்டியும் குறைத்தும் பேசும் நூலொன்றின் பெயரைத் தன் பெயரிலே தாங்கிய மன்னன், தன் குருதியிற் பிறந்தானுக்கும் ஒரு கன்றுக்கும் ஒரே நிறைகோல் பிடித்தான் என்பது இக்கதையின் உள்ளே ஒளிந்துகிடக்கும் சுவை. இலங்கையின் மகாவமிசமும் சோழநாட்டினின்று சென்ற எல்லாளன்மேல் இதே கதையை ஏற்றிச் சொல்கிறது. மாற்றார் நூலும் மறவாமல் எழுதிவைத்தது அம்மணியைத்தான்.

நம் அரசும் அதனை மறந்திலது. சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் மனுநீதிச் சோழனுக்குச் சிலை உண்டு. கலெக்டர்கள் ஊர்தோறும் சென்று மனு வாங்கும் நாளுக்கு ‘மனுநீதி நாள்’ என்றே பெயர். 1950 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு, சட்டத்தின்முன் யாவரும் சமம் என்றது, தீண்டாமையை ஒழித்தது, உரிமை பறிக்கப்பட்டவன் நேரே உச்ச நீதிமன்றத்தையே அணுகலாம் என்றது. ஆக, மணி இருக்கின்றது. அதன் ஓசையும் இனியது. எவ்வளவு உயரத்தில் தொங்குகின்றது என்பதே இன்று யான் பேச எடுத்துக்கொண்ட வினா. இதற்கு விடை தேடத் தொலைவு செல்லவேண்டுவதில்லை. நம் தஞ்சை நெல்வயல்களிலேயே அது கிடக்கின்றது.

நம்முட் சிலருடைய பாட்டனார் மிராசுதாரர். சிலருடைய பாட்டனார் குத்தகைக்கு உழுதவர். ஆதலின் இனிச் சொல்வது நமக்குப் புறத்தார் கதையன்று. பண்ணையாள் என்பான் யாவன்? அவன் குடிசை நின்ற மனை மிராசுதாரருடையது. அவன் பட்ட கடன் மிராசுதாரர் ஏட்டில் இருந்தது. அவன் உழைத்த நாட்களின் கணக்கு காரியக்காரர் வாயில் இருந்தது. கூலியை அளந்த மரக்காலும் அவனுடையதன்று. பிழை செய்தான் எனக் கருதினால் சவுக்கடி உண்டு. சாணிப்பால் புகட்டலும் உண்டு. இவற்றை இக்காலத்துப் பிள்ளைகள் கட்டுக்கதை என எண்ணுகின்றனர். கட்டுக்கதையன்று; கண்டோர் சொல்லக் கேட்டோர் இன்னும் நம்மிடையே உளர்.

ஈண்டு ஒன்றைக் கருதுக. ஒருவனை அடித்தல் குற்றம் என்று இந்திய தண்டனைச் சட்டம் 1860-ஆம் ஆண்டிலேயே கூறிவிட்டது. நாட்டில் நியாயஸ்தலங்கள் இருந்தன, வக்கீல்கள் இருந்தனர். அவ்வாறிருந்தும் எண்பது ஆண்டுகள் சவுக்கு ஓயவில்லை. ஏன்? அடியுண்டவன் வழக்குத் தொடுத்தால் அன்றிரவு அவன் குடிசை இராது. மறுநாள் அவனுக்கு வேலை இராது. அவனுக்காகச் சான்று கூறுவோனுக்கும் அவையிரண்டும் இரா. சட்டம் அவனுக்கு வாய் கொடுத்தது. வாய் திறப்பதற்கு வேண்டிய ஓரடி நிலத்தைக் கொடுத்திலது.

அந்நிலையை அசைத்தது நீதிபதியின் பேனாவன்று. கன்னட நாட்டிற் பிறந்து தமிழ் கற்று நம் நாட்டிற் குடிசைதோறும் நடந்த பி. சீனிவாசராவ் முதலியோர், 1940-களில் பண்ணையாட்களையும் குத்தகைதாரர்களையும் ஒன்றுசேர்த்தனர். 1944-இல் மன்னார்குடியிலும் 1948-இல் மாயூரத்திலும் ஒப்பந்தங்கள் ஏற்பட்டன. சவுக்கும் சாணிப்பாலும் மெல்ல மெல்ல மறைந்தன. அவர்தம் அரசியற் கொள்கை நமக்கு உடன்பாடாயினும் அன்றாயினும், தனியே நின்றபோது எட்டாத மணி பலர் தோள்கொடுத்தபோது எட்டிற்று என்னும் இவ்வளவும் மறுக்கப்படாதது.

பின்னர்ச் சட்டமும் வந்தது. இராஜாஜி முதலமைச்சராயிருந்த 1952 ஆகஸ்டில் தஞ்சாவூர்க் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புக்கான அவசரச் சட்டம் பிறந்தது. அவ்வாண்டிலேயே அது நிலையான சட்டமுமாயிற்று. பண்ணையாளைக் காரணமின்றி நீக்கலாகாது. இவ்வளவு கூலி அளக்கவேண்டும். பூசல் விளைந்தால் விசாரிக்கத் தனி அதிகாரிகள் உளர் என்றெல்லாம் நல்ல விதிகள் அதில் இருந்தன. விளைந்தது என்ன? பண்ணையாள் என்ற பெயருக்குத்தானே பாதுகாப்பு? பெயரையே எடுத்துவிட்டால்? பற்பல இடங்களிற் பண்ணையாட்கள் அன்றாடக் கூலிகளாக மாற்றப்பட்டனர். பண்ணையாள்தான் எனக் காட்ட ஓர் எழுத்தும் அவர்கள் கையில் இல்லை. நம் தமிழில் ‘ஆவணம்’ என்பது பழஞ்சொல். திருவெண்ணெய்நல்லூரில் இறைவனே முதியவர் வடிவில் வந்து சுந்தரரை ஆட்கொண்டபோதும் ஓலையைக் காட்டியே வழக்காடினார். இறைவனுக்கே ஓலை வேண்டியிருந்தது. ஏழைப் பண்ணையாள் எதைக் காட்டுவான்?

நிற்க. இனிச் சொல்லப்போவது சொல்லுதற்கு அரிது. நாகூரிலிருந்து கீழ்வேளூர் வழியாகச் சென்றால் கீழ்வெண்மணி. 1968 டிசம்பர் 25 இரவு அவ்வூரில் ஆதிதிராவிடத் தொழிலாளர் நாற்பத்துநால்வர் ஒரு சிறு குடிசைக்குள் எரிந்து மாண்டனர். உயிர்தப்ப உள்ளே ஒளிந்தோர் அவர்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கூலி நெல்லைச் சற்றே உயர்த்திக் கேட்டதும், தங்கள் செங்கொடிச் சங்கத்தை விட்டு விலக மறுத்ததுமே பகைக்கு வேர். எதிரே நின்றதும் ஒரு சங்கமே. நிலக்கிழாரின் நெல் உற்பத்தியாளர் சங்கம். சங்கம் வைத்து நடத்தும் நாம் இவ்விரண்டு சங்கங்களையும் ஒருசேர நினைத்துப் பார்த்தல் நன்று.

வழக்கு நடந்தது. நாகப்பட்டினத்து செஷன்ஸ் நீதிமன்றம் 1970-இல் அச்சங்கத்தின் தலைவர் இரிஞ்சூர் கோபாலகிருஷ்ண நாயுடுவையும் வேறு சிலரையும் குற்றவாளிகள் எனக் கண்டு பத்தாண்டுச் சிறை விதித்தது. 1973-இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. அத்தீர்ப்பிற் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று இன்றுவரை பேசப்படுகின்றது. குற்றஞ் சாட்டப்பட்டோர் மிகுதியான நிலமுடைய செல்வர். அவருள் ஒருவருக்குக் காரும் உண்டு. அத்தகையார் ஆட்களை ஏவாமல் தாமே நேரில் நடந்து சென்று தீ வைத்தனர் என்பது நம்பத்தக்கதன்று என நீதிபதிகள் கருதினர். அதே நாளில் நிலக்கிழார் பக்கத்து ஆள் ஒருவர் கொல்லப்பட்ட வழக்கில் தொழிலாளர் சிலர் தண்டனை பெற்றனர்.

நீதிபதிகள் கையூட்டுப் பெற்றார் என்று எவரும் சொல்லவில்லை, யானும் சொல்லேன். என் துயரம் வேறு. ஒருவன் செல்வனாயிருத்தல் அவன் சொல்லுக்கு வலிமையாகின்றது. ஒருவன் கூலியாயிருத்தல் அவன் சான்றுக்கு ஐயமாகின்றது. சிலப்பதிகாரத்தில் நடந்தது இதுவே அன்றோ? நம் கடற்கரையிலுள்ள புகாரினின்று மதுரை சென்ற கோவலன் அங்கே அயலான்; பொற்கொல்லனோ அரண்மனையிற் புழங்குவோன். யாருடைய சொல் ஏறிற்று என்பதை நீவிர் அறிவீர். கோவலனை எவரும் ஒரு வினாவும் வினவவில்லை. பின் கண்ணகி வாயிலில் வந்து நின்றபோது அரசன் அவளை உள்ளே விடச் சொன்னான். அவள் சிலம்பை உடைத்துக் காட்டியதும், தன் பிழையை அவையறிய ஒப்பினான். பாண்டியனைப் பழிக்கும் நாம், அவன் தன்னைத் தானே மறுத்துரைக்க எடுத்துக்கொண்ட நேரம் எவ்வளவு குறைவு என்பதையும் எண்ணவேண்டும்.

நீதி வாயிலில் கதவு அடைபட்டால் என்ன நேரும்? 1980-இல் கோபாலகிருஷ்ண நாயுடு கொலையுண்டார். பழிக்குப் பழி என்று அதனைக் கொண்டாடுவோர் இருந்தனர், இன்றும் உளர். யான் அதனைக் கொண்டாடேன். நாற்பத்துநால்வர்க்கும் அதனால் ஒரு தீர்ப்புக் கிடைத்துவிடவில்லை. நாட்டின் முறைமன்றம் செய்யவேண்டிய வேலையை இருட்டு எடுத்துக்கொண்டது, அவ்வளவே.

ஆயினும் வெண்மணிக்குப் பின் சில நன்மைகள் விளைந்தன என்பதையும் சொல்லவேண்டும். கீழத்தஞ்சை விவசாயக் கூலிபற்றி ஆராயக் கணபதியா பிள்ளை குழு அமர்த்தப்பட்டது. 1969-இல் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. அவ்வாண்டிலேயே குத்தகைதாரர் பெயரைப் பதிவேட்டில் ஏற்றும் சட்டமும் வந்தது. பண்ணையாளுக்கு இல்லாத ஓலை குத்தகைதாரருக்குக் கிடைத்தது. இவை எல்லாவற்றினும் பெரிதாக யான் மதிப்பது 1971-ஆம் ஆண்டுக் குடியிருப்புச் சட்டம். பிறர் நிலத்திற் குடிசை கட்டி வாழ்ந்த விவசாயத் தொழிலாளர்க்கு அம்மனையையே உரிமையாக்கியது அது. நீதித்துறைச் சட்டங்களின் அட்டவணையில் அதன் பெயரைக் காணமாட்டீர்கள். ஆனால் சான்று கூறப் போகும் ஒருவன், ‘திரும்பி வரும்போது வீடு இருக்குமோ’ என்று அஞ்சாமற் போகச் செய்தது அச்சட்டமே. கோர்ட்டுக் கட்டடம் எழுப்புவதைக் காட்டிலும் கூலியாளுக்கு நான்கு குழி மனை எழுதிக்கொடுப்பது நீதிக்குப் பெரிய தொண்டு என்பது என் துணிபு. வக்கீல் நண்பர்கள் மறுப்பார்களாயின் கேட்கச் சித்தமாயிருக்கின்றேன்.

இது பழங்கதை, இப்போது அப்படியெல்லாம் இல்லை என்று பின்வரிசையில் ஒருவர் தலையசைப்பதைக் காண்கின்றேன். சவுக்கு இல்லை, உண்மை. மணி தாழ்ந்துவிட்டதா என்று பார்ப்போம். என்னிடம் பயிலும் மாணவன் ஒருவனுடைய தந்தை, வரப்பு வெட்டிய கூலியைக் கேட்டு வாய்ச்சொல் முற்றி அடியுண்டார். ஒரு போலீஸ் ஸ்டேஷனுக்குச் சென்றார். அதிகாரி வெளியே போயிருக்கின்றார், நாளை வா என்றனர். மறுநாள், யாரோடு தகராறோ அவரையும் அழைத்து வா, பேசி முடித்துவிடலாம் என்றனர். மூன்றாம் நாள், எழுத்தில் கொண்டுவா என்றனர். மூன்று நாட் கூலி போயிற்று. பஸ் கட்டணம் போயிற்று. அவர் கேட்ட கூலியோ ஒரு நாட் கூலி. நான்காம் நாள் மாணவன் என்னிடம் வந்தான். யான் மனு எழுதிக் கொடுத்து, உடன் சென்று, மேசைக்கு எதிரே நின்றேன். அரைமணி நேரத்திற் புகார் பதிவாயிற்று. நகலும் கையில் வந்தது. சட்டம் மூன்று நாளும் அதே சட்டந்தான். வேட்டி சட்டையுடன் ஒரு வாத்தியார் உடன் நின்றது மட்டுமே புதிது. இதில் எனக்குப் பெருமையில்லை, ஐயா. அச்சமே உண்டாயிற்று. வாத்தியார் இல்லாத தெரு எத்தனை!

இவ்விடத்திற் சட்டத்தின் எண்களைச் சிறிது சொல்வேன், இளைஞர்கள் குறித்துக்கொள்ளலாம். தண்டிக்கத்தக்க பெருங்குற்றம்பற்றி ஒருவர் புகார் கொடுத்தால், அதனைப் பதிவு செய்தே ஆகவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் லலிதாகுமாரி வழக்கில் வரையறுத்துவிட்டது. புகார் கொடுத்தவர்க்கு நகலைக் காசின்றித் தரவேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி, குற்றம் எவ்வெல்லையில் நிகழ்ந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம். ஆதிதிராவிடர்மீதும் பழங்குடியினர்மீதும் இழைக்கப்படும் கொடுமைகளுக்கு 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் உண்டு. 1995-இல் வகுக்கப்பட்ட அதன் விதிகளின்படி, டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரியே விசாரிக்கவேண்டும். பாதிக்கப்பட்டோர்க்கும் சாட்சிகளுக்கும் பயணச் செலவும் நாட்படியும் தரப்படவேண்டும். நாட்படி என்பதைச் சிறிய செய்தியாக எண்ணற்க. இந்நாட்டின் எளியவன் வழக்கைத் தோற்பது பெரும்பாலும் நீதிபதியின் முன்னிலையிலன்று. பஸ் நிறுத்தத்திலே தோற்கின்றான். அச்சட்டத்தின் கீழ் ஊர்விலக்கு வைத்தலும், வேலை கொடாமை, கடையிற் பண்டம் கொடாமை என்று கூடிக் கட்டுப்பாடு செய்தலும் 2015-ஆம் ஆண்டுத் திருத்தம் முதல் வெளிப்படையாகக் குற்றம். இதனை யான் சாதிச் சங்கமொன்றின் மேடையில் நின்று சொல்கின்றேன் என்பதை அறிந்தே சொல்கின்றேன்.

மற்றொரு தடை மொழி. தமிழாசிரியன் மொழியைப்பற்றிப் பேசாமல் இறங்கினால் நீவிரே நம்பமாட்டீர். கீழ்மன்றங்களிலே தமிழ் நடமாடுகின்றது. உயர் நீதிமன்றத்திலோ அரசியலமைப்பின் 348-ஆம் பிரிவின்படி ஆங்கிலமே. தமிழையும் அங்கு வழக்காடு மொழியாக்கவேண்டும் என நம் சட்டமன்றம் 2006-இல் தீர்மானம் நிறைவேற்றியது; அஃது இன்றுவரை கைகூடவில்லை. தன் உயிரோ நிலமோ பற்றி இருவர் மணிக்கணக்காக வழக்காட, அவற்றிற்கு உரியவன் பின்பெஞ்சில் அமர்ந்து அவர்தம் முகக்குறிப்பைப் பார்த்து வெற்றி தோல்வியை ஊகிக்கின்றான். வழக்கு முடிந்தபின் அவன் வக்கீலிடம் கேட்கும் முதற்கேள்வி, “ஐயா, என்ன சொன்னார்கள்?” என்பதே. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் சில அண்மைக் காலமாகத் தமிழிற் பெயர்க்கப்படுகின்றன, நல்லது. தீர்ப்பு வந்தபின் மொழிபெயர்ப்பதினும், வழக்கு நடக்கும்போதே அவனுக்கு விளங்குவது நன்று.

மணி தாழ்ந்த கதையும் நம் கடற்கரையிலேயே உண்டு. அதனையும் சொல்லாவிடின் நடுவுநிலை தவறியவனாவேன். 1979-இல் பீகாரச் சிறைகளில் விசாரணையின்றி ஆண்டுக்கணக்காக வாடினோர் பற்றிய பத்திரிகைச் செய்தியைக் கொண்டே உச்ச நீதிமன்றம் ஹுசைனாரா காத்தூன் வழக்கை ஏற்றது. கொத்தடிமைகளைப்பற்றி எழுதப்பட்ட ஒரு கடிதத்தையே மனுவாகக் கொண்டு 1983-இற் பந்துவா முக்தி மோர்ச்சா வழக்கிற் கட்டளையிட்டது. பாதிக்கப்பட்டவனுக்காக வேறொருவன் மணியடிக்கலாம் என்னும் வழி இவ்வாறு திறந்தது.

அவ்வழியே சென்றவர் காந்தியத் தொண்டர் எஸ். ஜகந்நாதன். அவரும் துணைவியார் கிருஷ்ணம்மாளும் வெண்மணிக் கொடுமைக்குப் பின் இந்நாட்டிற் காலூன்றி, 1981-இல் உழுவோர் நிலவிடுதலை இயக்கமாகிய ‘லாஃப்டி’யைத் தொடங்கி, நிலமற்றோர்க்கு, சிறப்பாகப் பெண்கள் பெயரில், நிலம் வாங்கிக் கொடுத்தவர்கள். 1990-களில் நம் கடற்கரையெங்கும் இறால் பண்ணைகள் பெருகின. வயல் உவரியாயிற்று, குடிநீர்க் கிணறு உப்பாயிற்று, மீனவர் கடலுக்குச் செல்லும் வழி அடைபட்டது. கூலியாள் இறால் கம்பெனியை எதிர்த்து டில்லிக்கா போவான்? முதியவராகிய ஜகந்நாதன் போனார். 1996 டிசம்பர் 11-இல் உச்ச நீதிமன்றம், கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துள் அப்பண்ணைகளை அகற்றுமாறும், கெடுத்தவரே ஈடு செய்யுமாறும், வேலை இழக்கும் தொழிலாளர்க்கு ஆறாண்டுக் கூலி தருமாறும் தீர்ப்பளித்தது. பின்னர்த் தடையாணைகள் வந்தன. 2005-இல் வந்த கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் அத்தீர்ப்பின் கூர்மையை மழுக்கிவிட்டது. ஆகவே முழுவெற்றி என்று சொல்ல ஒண்ணாது. ஆயினும் உப்புக் கிணற்றடியில் நின்ற பெண்ணின் சொல் நாட்டின் உச்ச மன்றத்தில் ஒரு தீர்ப்பாயிற்று. அதற்குத் தேவைப்பட்டது கோடிப்பணம் அன்று, உடன்செல்ல ஒருவர்.

இப்போது அரசே அவ்வுடன்செல்லும் துணையைத் தர முன்வந்துள்ளது என்பதை நம்மிற் பலர் அறியார். 1976-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அரசியலமைப்பில் 39அ என்னும் பிரிவு சேர்ந்தது. பொருளின்மையால் எவனும் நீதியை இழத்தலாகாது என்பது அதன் கருத்து. அதனை ஒட்டி 1987-இற் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் இயற்றப்பட்டு, 1995 நவம்பர் 9-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 12-ஆம் பிரிவின்படி, ஆதிதிராவிடர், பழங்குடியினர், பெண்கள், குழந்தைகள், உடற்குறையுடையோர், தொழிலாளர், காவலில் உள்ளோர், கொத்தடிமைப்பட்டோர், இயற்கைச் சீற்றத்தால் நலிந்தோர், குறைந்த வருமானமுடையோர் ஆகிய யாவர்க்கும் வக்கீலும் வழக்குச் செலவும் இலவசம். பெண் என்றால் போதும். அவள் வருமானம் கேட்கப்படமாட்டாது. நம் சங்கத்தார் வீட்டுப் பெண்டிர்க்கும் இது பொருந்தும். 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலையில் நம் ஜில்லா ஆறாயிரம் உயிர்க்கு மேல் இழந்தது. அன்று நலிந்தோரும் இப்பிரிவிற்குட்பட்டவரே. ஜில்லாத் தலைநகரிலும் தாலுக்காக்களிலும் கோர்ட்டு வளாகத்திலேயே இவ்வலுவலகங்கள் உண்டு. 15100 என்னும் தொலைபேசி எண்ணிலும் கேட்கலாம்.

அவர்கள் நடத்தும் மக்கள் நீதிமன்றத்தைப்பற்றி ஒரு சொல். அங்கே முடிந்த வழக்கிற்கு மேல்முறையீடு இல்லை. கட்டிய கோர்ட்டுக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். விபத்து இழப்பீடு, பாங்குக் கடன் போன்றவற்றிற்கு அது மிக நன்று. ஆனால் வலியவனும் எளியவனும் எதிரெதிரே அமர்ந்து செய்துகொள்ளும் சமாதானம் எப்போதும் சமாதானமன்று. எளியவன் தலையசைப்பது உடன்பட்டோ, களைத்தோ என்று அறியாமல் கையொப்பம் வாங்கலாகாது.

இனி நம் சங்கத்திற்கு வருகின்றேன். நம் மரபினர் ஒருவர் வழக்கில் அகப்பட்டால் சங்கம் என்ன செய்கின்றது? ஜாமீனுக்கு ஆள் தேடுகின்றது. எதிர்த்தரப்பாரிடம் ‘ஊர்ப் பெரியவர்கள்’ சென்று பேசுகின்றனர். நம்மவர் வாதியாயிருந்தால் இதில் தவறில்லை. நம்மவர் அடித்தவராயிருந்தால்? சாட்சியின் வீட்டுத் திண்ணையில் நாம் பத்துப்பேர் போய் அமர்ந்து அன்பாகப் பேசினாலும், அத்தெருவிற்கு அஃது அன்பாகத் தோன்றாது. நம் சங்கத்தின் விதிகளில் ‘நம்மவர் நலம் பேணல்’ என்று முதல் விதி இருக்கின்றது. நலம் என்னும் சொல்லுக்கு நாம் கொள்ளும் பொருளை இக்கூட்டம் இன்று முடிவு செய்யவேண்டும் என வேண்டுகின்றேன். நம்மவர்மேல் வன்கொடுமைப் புகார் எழும்போது, சங்கத்தின் பெயராலும் பணத்தாலும் எவரும் சாட்சியை அணுகலாகாது என்று ஒரு தீர்மானம் எழுதி வந்திருக்கின்றேன். குற்றஞ் சாட்டப்பட்டவருக்கும் வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமை உண்டு. அதனை அவர் பெறட்டும். சாட்சியின் வாயை மூடும் உரிமை எவர்க்கும் இல்லை. இதற்கு நம்முள் எதிர்ப்பு இருக்கும் என்பதை அறிவேன். நேற்றே இருவர் என் வீட்டிற்கு வந்து, ‘மற்றச் சங்கங்கள் செய்யாததை நாம் மட்டும் ஏன்’ என்றனர். அவர்கள் இங்கேயே இருக்கின்றனர், எழுந்து பேசுவார்களாக. மறைவிற் சொன்னதினும் அவையிற் சொல்வது மதிப்பு.

இரண்டாவதாக, ஞாயிறுதோறும் மாலையில் மனு எழுதிக் கொடுக்கும் ஏற்பாடு ஒன்று. நம் மரபினர்க்கு மட்டுமன்று, வருவோர் எவர்க்கும். எவர் வருகின்றார் என வினவாத வாயிலுக்கு நம்மூரிலேயே முன்மாதிரி உண்டு. தர்காவின் பெரிய மனோராவைத் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிம்மர் கட்டுவித்தார். இன்றும் அங்கே நேர்ந்துகொண்டு வருவோரின் சமயத்தையோ குலத்தையோ எவரும் கேட்பதில்லை. நம் சங்க வாயிலும் வாரத்தில் இரண்டு மணி நேரம் அவ்வாறிருத்தல் இயலாததன்று. மனுவை எழுதுவது, நகல் எடுப்பது, எந்த அலுவலகத்திற்கு எந்த நாளிற் செல்லவேண்டும் எனக் கூறுவது, வேண்டுமாயின் உடன் செல்வது, இவ்வளவே வேலை. வழக்காடவேண்டிய நிலை வந்தால் சட்டப்பணி அலுவலகத்திற்கு அனுப்பிவிடுவோம். ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவரும் இளைய வக்கீல் இருவரும் மாதம் ஒருமுறை வந்து பார்ப்பதாக வாக்களித்திருக்கின்றனர். பத்தாம் வகுப்பிலும் அதற்கு மேலும் பயிலும் நம் பிள்ளைகள் எழுதுவதற்குத் துணை வரலாம். இலக்கணப் பிழையை யான் திருத்திக்கொள்வேன்.

மாடியிலுள்ள கூடத்தைத் தருவதாகத் தலைவரவர்கள் அன்போடு கூறினர். அவர்கட்கு நன்றி. ஆயினும் மாடி வேண்டா. வருவோரிற் கிழவர் இருப்பர். வயலிலிருந்து சேற்றுக்காலோடு வருவோர் இருப்பர். மேலே ஏறலாமா என்று வாயிலில் நின்று தயங்குவர். தெருவைப் பார்த்த திண்ணையே போதும். ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் சங்கம் தரட்டும். தாளும் பேனாவும் யான் கொணர்கின்றேன். தீர்மானத்தின் படியைச் செயலாளரிடம் கொடுத்திருக்கின்றேன். அவர் படிக்க, அவையோர் தம் கருத்தைக் கூறுவாராக.